திரும்பப் பாட வரும் வரி: குமரி எல்லையில் வில்லுக்கு எழுதிய அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டத்தில் ஒருவன் தன்னைக் கவிஞன் என்று சொல்லிக்கொண்டால், எந்தக் கோயிலுக்கு எழுதுகிறாய், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எழுதுகிறாய், எந்தச் சபைக்கு எழுதுகிறாய் என்றுதான் அடுத்த கேள்வி வரும். அச்சில் வந்த தொகுப்பு உண்டா என்று கேட்பவர் மிகக் குறைவு. கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையிலிருந்து சற்றே உள்ளே தள்ளிய ஓர் ஊரில் குடியிருந்துகொண்டு, விடியலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, மாலையிலும் இரவிலும் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் உடுக்கை அடித்துப் பாடி, அந்தக் குழுவுக்கு வேண்டிய கதைகளையும் பாட்டுகளையும் எழுதித் தருவது என் பிழைப்பு. இந்த இரண்டு தொழிலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவது என் பாக்கியம் என்றே கருதுகிறேன். மரம் இலையுதிர்த்துத் தளிர்விடும் வாரங்களில் வெட்டு நின்று கைக்காசு வற்றும். அதை ஒட்டியே மாசிக் கடைசியில் கோயில் கொடைகள், அதாவது அம்மன், மாடன் கோயில்களின் ஆண்டு விழாக்கள், தொடங்கிப் பங்குனி, சித்திரை வரை நீளும். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை இறங்கியபின் இரண்டிலும் பெரிய வரும்படி இல்லை. அந்த மாதங்களில்தான் எழுத்து வேலை நடக்கிறது.

இளைஞர்கள் சிலர் என்னிடம் வந்து, பாட்டு எழுதி வாழ முடியுமா என்று கேட்கிறார்கள். முடியுமா முடியாதா என்று ஒரே சொல்லில் பதில் சொல்வதைவிட, எங்கள் வில்லின் முன்னால் அவர்களை ஓர் இரவு உட்கார வைப்பதையே விரும்புகிறேன். தலைமைப் பாடகரை நாங்கள் புலவர் என்கிறோம். அவர் கையில் வீசுகோல் இருக்கும். வில்லின் கதிரில், அதாவது வளைந்த தண்டில், கட்டிய மணிகள் அவர் வீச்சுக்கு ஒலிக்கும். ஒரு புறம் உடுக்கை. மறுபுறம் வில்லோடு பிணைத்த மண்குடம், அதன் வாயில் அறையப் பாளையில் செய்த பத்தி என்னும் தட்டை. கூடவே தாளமும் கட்டையும். புலவர் பாடுவது வலத்தே பாடுதல், மற்றவர்கள் வாங்கிப் பாடுவது இடத்தே பாடுதல். எழுதுகிறவன் பெரும்பாலும் வலத்தை மனத்தில் வைத்தே எழுதுகிறான். ஏனென்றால் புலவரின் குரல்தான் அவன் காதில் நிற்கிறது. ஆனால் பாட்டை ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது இடப்பக்கம். இடத்தே இருப்பவர் ஒரு முறை கேட்டதும் தயங்காமல் திருப்பிப் பாட முடிகிற வரியையே ஊர் மறுநாள் முணுமுணுக்கிறது. நான் இந்தத் தொழிலில் கற்றவை எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே நிற்கின்றன.

எங்கள் குழுவின் புலவர் ஒரு பெண்; எங்கள் எல்லோருக்கும் அக்கா. நான் எழுதிய பாட்டை அவர் முதலில் தாம் பாடிப் பார்ப்பதில்லை. குடம் அடிக்கும் மாமாவை அழைத்து எதிரே உட்கார வைத்து, ஒரு வரியைச் சொல்லி, அவர் வாங்கும் விதத்தைப் பார்ப்பார். மாமா வாங்கத் தயங்கினால் அந்த வரி அங்கேயே தள்ளப்படும். மாமாவின் தீர்ப்பு எப்போதும் ஒரே வகையில் வரும்: "மக்கா, வாசிக்க நல்லாத்தான் இருக்கு. எனக்குத் திருப்பிப் பாடப் பற்றாது." பற்றாது என்றால் எங்கள் பேச்சில் முடியாது. இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலை வைத்து ஒரு கடற்கரை ஊருக்காக எழுதிய பகுதியை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை என்பது இங்கே எல்லோருக்கும் சொந்தத் துயரம். என் நோட்டில் முதலில் விழுந்தது விருத்தம்: "கருமுகில் கவிந்து சூழக் கடுவளி எழுந்து சீற" என்று தொடங்கும். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு சீரும் அடுத்த சீரைப் பிடித்துக்கொண்டு ஓடுவதால், பதில் பாடுகிறவர் நுழைய இடமே இருக்காது. வில்லுக்கு அது இப்படி மாறியது:

கார்மேகம் கூடுதம்மா, கடலுமே பொங்குதம்மா;
கரைபார்த்து நின்னவங்க கண்ணீரும் வத்துதம்மா.

இதில் இடத்தே பாடுபவர் முழு வரியையும் வாங்க வேண்டியதில்லை. "பொங்குதம்மா" என்பதை மட்டும் வாங்கினால் போதும். அந்த நீண்ட முடிவில் புலவர் மூச்சு வாங்கிக்கொள்வார், உடுக்கை ஒரு சுற்றுச் சுற்றி வரும், கூட்டத்தில் இருப்பவர் அடுத்த வரிக்குத் தயாராவார். சிந்து வகைப் பாட்டுகளை நம் முன்னோர் இவ்வளவு விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. விருத்தத்தை நான் கைவிட்டுவிடவில்லை. கதையில் ஒருவர் தனித்து நிற்கும் இடத்தில், யாரும் பதில் சொல்ல முடியாத நிலையில், அக்கா தாளமில்லாமல் விருத்தம் பாடுவார். அப்போது குடம் ஓய்ந்திருப்பதே அந்தத் தனிமையைக் காட்டிவிடும். ஆகவே எழுதும்போதே, இந்த இடத்தில் எத்தனை பேர் வாய் திறக்கிறார்கள் என்பதை ஓரத்தில் குறித்துக்கொள்வது நல்லது.

சுருதியும் எழுதுகிறவனின் கவலைதான். அக்கா பாடுவது ஐந்தரைக் கட்டையில்; பதில் பாடும் ஆண்களுக்கு இயல்பான சுருதி ஒன்று, ஒன்றரைக் கட்டை. அவர்கள் அக்காவின் சுருதியில் ஒரு ஸ்தாயி கீழே நின்று வாங்குகிறார்கள். வரி கீழே இறங்கி முடிந்தால் ஆண் குரல் இன்னும் அடியில் போய்க் காற்றாகிவிடும். மேலே ஏறி முடிந்தால் அவர்களுக்கு வசதியான இடத்தில் வந்து கணீரென்று விழும். ஆகவே பதிலாக வர வேண்டிய சொல்லை மெட்டின் மேட்டில் வைக்கிறேன். மெட்டும் சொல்லும் ஒரே ஆளின் கையில் இருப்பதன் பயன் இத்தகைய இடங்களில்தான் தெரிகிறது. கவிதை மட்டும் எழுதத் தெரிந்தவர்கள் ஒரு தாளக்கருவியையாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். மேடைக்குப் போகாவிட்டாலும், நாக்கு எங்கே இடறும் என்பதை விரல் முன்கூட்டியே சொல்லிவிடும்.

இனி கொடையைப் பற்றி. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு ஒரு கச்சேரி அன்று. அது பூசையின் பகுதி. சுடலைமாடன் கோயிலானால், கைலாயத்தில் விளக்குச் சுடரிலிருந்து மாடன் பிறக்கும் இடமும், இசக்கியம்மன் கோயிலானால் நீலியின் கதை முதிரும் இடமும், அங்கே நடக்கும் தீபாராதனையோடும் சாமியாட்டத்தோடும் பொருந்த வேண்டும். பூசை எப்போது தொடங்கும் என்பது நோட்டீசில் அச்சிட்டிருக்கும். அந்த நேரத்தில் அது தொடங்குவது அபூர்வம். பூக்காரர் வர வேண்டும், சாமிக்குப் படைக்கும் படப்புக்குச் சோறு வடிய வேண்டும், சாமியாடுகிறவர் குளித்து வர வேண்டும், நாகசுரக்காரர் ஒரு சுற்று வாசித்து முடிக்க வேண்டும். இதற்கெல்லாம் ஏற்பக் கதையை நீட்டவும் குறுக்கவும் தெரியாத குழுவை மறு ஆண்டு யாரும் அழைப்பதில்லை. இதற்காக நான் ஒவ்வொரு கதையிலும் நாட்டு வளம், சந்தை, கல்யாணச் சமையல், பெண்கள் சண்டை என்று கழற்றிப் பூட்டக்கூடிய பகுதிகளை எழுதி வைத்திருக்கிறேன். அவை வந்தாலும் கதை நடக்கும், வராவிட்டாலும் நடக்கும். கதையின் முதுகெலும்பில் மட்டும் கைவைக்கக் கூடாது. பெரியவர்கள் அந்தக் கதையைத் தங்கள் தாத்தா காலத்திலிருந்து கேட்டு வருகிறார்கள், ஒரு பெயரை மாற்றினாலும் மறுநாள் வீட்டுக்கே வந்து கேட்பார்கள்.

வரத்துப்பாட்டு என்பது சாமி இறங்கப் பாடுவது. அதில் புதுமை செய்ய ஆசைப்படுகிறவர்களை நான் தடுத்துவிடுவேன். அந்தப் பாட்டின் சொற்களைக் காட்டிலும் அதன் ஓட்டம்தான் சாமியாடுகிறவருக்குப் பழக்கமானது. வேகம் எந்த அடியில் கூட வேண்டும், குடம் எந்த இடத்தில் இரட்டிக்க வேண்டும் என்பதை அவர் உடம்பு அறிந்து வைத்திருக்கிறது. கவிஞனுக்கு அங்கே வேலை இல்லை, உடுக்கைக்காரனுக்குத்தான் வேலை. இரண்டையும் ஒருவனே செய்யும்போது, எந்த நேரத்தில் எந்த ஆளாக இருப்பது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்பளிப்பு வாசிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கதை உச்சத்தில் நிற்கும்போது ஒருவர் வந்து ரூபாய் நோட்டை நீட்டித் தம் பெயரையும் பேரப்பிள்ளைகள் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்வார். மறுத்தால் மனம் வருந்துவார்; ஏற்றால் கதை அறுந்துவிடும். நாங்கள் செய்வது என்னவென்றால், குழுவின் பொடியன் ஒருவனிடம் துண்டுச்சீட்டைக் கொடுத்து உட்கார வைத்துப் பெயர்களைச் சேர்த்து வாங்கிக்கொள்கிறோம். பிறகு கதை ஒரு திருப்பத்தில் இளைப்பாறும்போது, அந்தப் பெயர்களை எல்லாம் சிந்தில் கோத்து ஒரே மூச்சாக நான் பாடிவிடுகிறேன். பெயர்கள் எதுகையில் விழுந்தால் கைதட்டல் கிடைக்கும், அதைக் கேட்டு இன்னும் நான்கு பேர் எழுந்து வருவார்கள். நின்ற இடத்தில் பாட்டுக் கட்டும் பயிற்சிக்கு இதைவிட நல்ல பள்ளி எனக்குத் தெரியாது.

இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் கட்டுப்பாடு. ஆண்டுக்கு 15 நாளுக்கு மேற்படாமல் பண்டிகை நாட்களில் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். ஆனால் நம் கோயில் கொடை அந்த நாளில் அமையும் என்று நம்பி இருக்க முடியாது. ஆகவே 10 மணிக்குப் பிறகு வெறும் குரலில் பாடத் தயாராகவே போகிறோம். அது முழுக்க இழப்பு அன்று. மைக் இல்லாதபோது கூட்டம் நெருங்கி உட்காரும், குடத்தின் அடி ஒலி நெஞ்சில் நேராக வந்து விழும். ஆனால் தொண்டை தாங்க வேண்டுமானால், முதல் பகுதியில் மைக்கை நம்பி மெல்லப் பாடிச் சக்தியைச் சேமித்திருக்க வேண்டும். மைக் செட்காரரிடம் முன்னதாகவே பேசிக் குடத்தின் வாயருகே வைக்கும் மைக்கின் ஒலியைக் குறைக்கச் சொல்வது முக்கியம். பெரும்பாலானோர் குடம் முழங்கினால்தான் வில்லுப்பாட்டு என்று நினைத்து அதை ஏற்றிவிடுகிறார்கள், சொல் முழுகிப்போகிறது. சாப்பாட்டையும் ஊரார் கையில் விடாமல், மாலையே வீட்டில் கஞ்சியும் பயறும் குடித்துவிட்டுப் புறப்படுவோம். கோயில் சாப்பாடு கிடைக்கும்போது நள்ளிரவு கடந்திருக்கும்.

நாள் குறிப்பதில் எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. இங்கே கோயில் காரியங்களுக்குக் கொல்லம் ஆண்டுக் கணக்கும் தமிழ் மாதக் கணக்கும் சேர்ந்தே புழங்குகின்றன. களியக்காவிளைக்கு அப்பால் மீனம், மேடம் என்பார்கள். இப்பால் பங்குனி, சித்திரை. இரண்டும் ஒரே மாதந்தான். ஆனால் மாதப் பிறப்பை இரு நாட்டுப் பஞ்சாங்கங்களும் கணிக்கும் முறையில் வேறுபாடு இருப்பதால் சில மாதங்கள் ஒரு நாள் முன்பின்னாகத் தொடங்கும். சில ஆண்டுகளில் விஷு நம் சித்திரை முதல் நாளுக்கு மறுநாள் வருவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பாறசாலைப் பக்கத்துக் கோயில் ஒன்று "மீனம் 15" என்று சொல்லி, நெய்யூர்ப் பக்கத்துக் கோயில் ஒன்று "பங்குனி 16" என்று சொன்னால், இரண்டும் ஒரே இரவாக இருக்கக்கூடும். ஆங்கிலத் தேதியும் கிழமையும் எழுதாமல் எந்த அச்சாரத்தையும் நாங்கள் வாங்குவதில்லை.

வெற்றிலை பாக்கோடு அச்சாரம் தருவது பழைய வழக்கம். அதை மாற்றச் சொல்லவில்லை. அதோடு ஒரு தாளும் வேண்டும். எந்தக் கதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் தொடங்குவது, மைக் செட் யாருடைய செலவு, வண்டி யாருடையது, மழை பெய்து நின்றுபோனால் என்ன கணக்கு என்பவற்றை எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். மீதித் தொகையை நிறைவாக வாழி பாடுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். வாழி பாடியபின் கோயில் நிர்வாகிகளைத் தேடிப் பிடிப்பது, கொடை முடிந்த மறுநாள் பந்தல்காரர்கூட வெற்றி பெறாத காரியம். குழுவுக்குள் எங்கள் பங்கீடு எளியது: புலவருக்கு ஒன்றரைப் பங்கு, மற்றவர்களுக்கு ஒவ்வொன்று, கருவிகளின் பழுதுக்கு அரைப் பங்கு. எழுதியவனுக்குத் தனிப் பங்கு வேண்டுமா என்று ஒரு காலத்தில் பேச்சு எழுந்தது. புதுக் கதைக்கு எழுத்துக்கூலியை ஒரே முறை அழைப்பவரிடம் வாங்கிக்கொள்வது, பாடும் இரவில் எல்லோரையும் போல ஒரு பங்கு என்று முடிவானது. சண்டை இல்லாமல் ஒரு குழு பல சீசன் நிற்க வேண்டுமானால் இந்தக் கணக்கு நோட்டு எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்க வேண்டும்.

எல்லைக்கு அப்பால் பாடும்போது வேறோர் ஒழுங்கு வேண்டியிருக்கிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரை, வெள்ளறடை பக்கங்களில் மாடன் தம்புரான் கோயில்களும் இசக்கி கோயில்களும் உண்டு; தமிழ்ப் பாட்டைக் கேட்டு வளர்ந்த முதியவர்களும் உண்டு; ஆனால் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் படித்தது மலையாளம். பாட்டைத் தமிழிலேயே வைத்துக்கொண்டு, இடையில் வரும் உரையை மலையாளம் கலந்த நம் விளவங்கோட்டுப் பேச்சில் சொல்வோம். இதை நாங்கள் வலிந்து செய்வதில்லை. வீட்டில் பேசுவதே ஏறக்குறைய அப்படித்தான். கொல்லத்தைச் சேர்ந்த வி. சாம்பசிவன் போன்றவர்களால், கதையைப் பாட்டும் பேச்சுமாகச் சொல்லும் கதாப்ரசங்கம் அங்கே வேரூன்றியிருப்பதால், கதையை உட்கார்ந்து கேட்கும் பொறுமை அந்தக் கூட்டத்துக்கு உண்டு. நகைச்சுவைத் துணுக்குக்காகக் காத்திருக்காமல், அடுத்து என்ன ஆயிற்று என்று காத்திருப்பார்கள். ஆகவே அங்கே போகும்போது கழற்றிப் பூட்டும் பகுதிகளைக் குறைத்து, கதாபாத்திரங்கள் எதிரெதிரே பேசும் பகுதிகளைக் கூட்டுகிறேன். இங்கே சிரிப்பு எழும் இடத்தில் அங்கே எழாவிட்டால் பாடுகிறவர் பதறக் கூடாது.

கேரளப் பள்ளிகளின் கலைவிழாவான கலோத்சவத்தில் தமிழ்ப் பத்யம் சொல்லல், அதாவது செய்யுள் ஒப்பித்தல், என்று ஒரு போட்டி இருப்பது தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது. பள்ளி மட்டத்தில் தொடங்கி உபஜில்லா, ஜில்லா என்று ஏறி மாநிலம் வரை போகும். எங்களுக்கு வில் ஓய்ந்திருக்கும் மாதங்களில் அது நடப்பதால், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்குத் தொடர்ந்து வருகிறது. தமிழே படிக்காத மலையாளப் பிள்ளைகளும் ஆர்வத்தோடு வருகிறார்கள். ழகரம் அவர்களுக்குச் சிரமமே இல்லை. நம் பிள்ளைகளைவிட நன்றாகவே சொல்கிறார்கள். இடறுவது வேறிடத்தில்: "மாங்காய்", "பஞ்சு" போன்ற சொற்களில் மெல்லினத்தை இரட்டித்து வல்லினத்தை விழுங்கிவிடுவார்கள். பெற்றோர் பாட்டை மலையாள எழுத்தில் எழுதித் தரச் சொல்வார்கள். நான் முதல் வாரத்தில் எழுத்தே கொடுப்பதில்லை. என் குரலில் பதிவு செய்து செல்போனில் அனுப்பி, காதால் கேட்டு மனப்பாடம் ஆனபின்தான் தாள். பதில் பாடுபவர் வாங்குகிற அதே முறைதான் இதுவும். தேர்ந்தெடுப்பதற்குக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பாடல்கள் பெரிதும் உதவுகின்றன. நம் தேரூரில் பிறந்தவர் என்ற உரிமை ஒரு புறம் இருக்க, பிள்ளை வாயில் தங்கும் சொற்கள் அவருடையவை. 1954இல் மறைந்தவராகையால் பதிப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது.

நவம்பர் 1 எங்களுக்கு வேலை மிகுந்த நாள். 1956இல் அந்த நாளில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அதே நாளில் கேரள மாநிலமும் பிறந்தது. மார்த்தாண்டத்தில் காலையில் விழாவுக்கு, அந்த இணைப்புக்காகப் போராடிய மார்ஷல் நேசமணியின் கதையை வில்லில் பாடிவிட்டு, மாலையில் எல்லை தாண்டிக் கேரளப் பிறவி விழா மேடையில் பாடிய ஆண்டுகளும் உண்டு. நேசமணி கதையில் 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூடு வரும். அதை மங்கலாக்கிப் பாடுவது இறந்தவர்களுக்குச் செய்யும் துரோகம். அதே நேரத்தில் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பலருக்கு மலையாளம் பேசும் மருமகனோ மைத்துனியோ இருக்கிறார்கள். ஆணையிட்ட அன்றைய திருவிதாங்கூர் கொச்சி அரசின்மீது கோபம் விழட்டும், மொழியின்மீது விழக் கூடாது என்று எண்ணி ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தே எழுதினேன். கோயிலுக்கு வெளியே இப்படி வரலாற்றைப் பாடுவது புதிதும் அன்று. ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் காந்தியின் கதையை வில்லில் பாடி வழி காட்டிப் போயிருக்கிறார். பதில் பாடும் வரிக்கு அங்கே தனிப் பொறுப்பு இருக்கிறது, ஏனென்றால் கூட்டம் கூடவே சொல்லும். கூட்டத்தைச் சொல்ல வைக்கத் தகாத சொல்லை நான் இடத்தே பாடுவோர் வாயில் வைப்பதில்லை. புலவர் தம் பொறுப்பில் சொல்லட்டும்.

மற்ற எழுத்து வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கல்யாண வாழ்த்துப்பா, பணி ஓய்வு விழாப் பாட்டு, நினைவஞ்சலிக் கவிதை, தேவாலயத் திருவிழாவுக்கான பாடல் ஆகியவை ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக வரும். அஞ்சலிக்குப் பணம் வாங்குவதில்லை என்பது நானாக வைத்துக்கொண்ட வழக்கம். தேர்தல் காலத்தில் சினிமா மெட்டில் வரி மாற்றி எழுதித் தரக் கேட்பார்கள்; மெட்டு பிறர் சொத்து என்பதால் சொந்த மெட்டில் எழுதுவதானால் மட்டும் ஒப்புக்கொள்கிறேன், பெரும்பாலும் அவர்கள் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்கள். பக்திப் பாடல் தொகுப்புகளுக்கு எழுதும்போது கவனம் வேண்டும். ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில், எல்லா உரிமையும் என்றென்றைக்கும் கொடுத்துவிட்டதாக ஒரு தாளை நீட்டினார்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒலிப்பதிவில் இடம்பெறும் வரிகளையும் இசையையும் ஆக்கியவர் தம் ராயல்டி உரிமையை வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது என்பதை எடுத்துச் சொன்னபின் அந்த வரியை அடித்துத் தந்தார்கள். இதற்கு வழக்கறிஞர் தேவைப்படவில்லை. தாளை முழுக்கப் படித்தது போதுமாக இருந்தது. வானொலிக்குக் குரல் தேர்வுக்குப் போக விரும்புவோர், பி, பி-ஹை, ஏ என்று தரம் பிரித்துத்தான் நிகழ்ச்சி தருவார்கள் என்பதை அறிந்து, நாகர்கோவில் நிலையத்துக்கு விண்ணப்பிக்கும்போதே பழைய பாட்டும் சொந்தப் பாட்டும் கலந்து தயாரித்துப் போவது நல்லது.

பதிவு செய்துகொள்வதில் நம் கலைஞர்கள் காட்டும் அலட்சியம் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. 2018இல் மறைந்த பூங்கனி அம்மையார், பெண்கள் தலைமைப் பாடகராக அமர்வதே அரிதாக இருந்த காலத்தில் வில்லின் நடுவில் அமர்ந்து பெரும் பெயர் பெற்றவர். கடைசிக் காலத்தை வறுமையில் கழித்தார். எங்கள் அக்கா அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "நாம காகிதத்த ஒழுங்கா வைக்கணும்" என்றுதான் முடிப்பார். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இல் ஏற்பட்டது. அதில் பதிவதற்கும், இயல் இசை நாடக மன்றத்தின் உதவிகளுக்கு விண்ணப்பிப்பதற்கும், வயதுக்கேற்பக் கலை இளமணி தொடங்கிக் கலை முதுமணி வரை தரப்படும் மாவட்ட விருதுகளுக்கும், நாம் உண்மையில் பாடியிருக்கிறோம் என்பதற்குச் சான்று கேட்பார்கள். கொடை நோட்டீஸ், அழைப்பிதழ், நாளிதழ்த் துணுக்கு ஆகியவற்றை ஆண்டுவாரியாகக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். நோட்டீசில் குழுவின் பெயர் மட்டும் இருந்தால் குடம் அடிப்பவருக்குச் சான்று கிடையாது; எனவே எல்லோர் பெயரையும் அச்சிடச் சொல்லி, அச்சகத்துக்குப் போகும் முன்பே பட்டியலைக் கொடுத்துவிடுகிறோம். கேரளப் பக்கத்து நோட்டீஸ் மலையாளத்தில் இருப்பதால் அதன் பின்புறத்தில் தமிழில் விவரம் எழுதி, அந்த ஊர்க் கோயில் நிர்வாகியின் கையொப்பத்தையும் முத்திரையையும் அன்றே வாங்கிவிடுவது பின்னால் அலைச்சலைத் தவிர்க்கும்.

கருவிகளில் உடுக்கையின் தோல் மழைக்காலத்தில் தொய்ந்துவிடும். பாடுவதற்குச் சற்று முன் கங்கின் சூட்டில் காட்டி எடுத்தால் நாதம் திரும்பும், அதிகம் காட்டினால் தோல் கிழியும். குடம்தான் பெரிய கவலை. கடையில் விற்கும் தண்ணீர்க் குடம் பத்தி அடியைத் தாங்காது. அடியும் கழுத்தும் கனமாக, வாய் சிறுத்து, தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்குமாறு தனியாகச் சொல்லிச் செய்ய வேண்டும். அப்படிச் செய்யத் தெரிந்த வேளார்கள் எங்கள் பக்கத்தில் குறைந்துவிட்டார்கள். மழை பிடித்தபின் சூளை வைக்க முடியாது என்பதால், சீசன் முடியும் முன்பே அடுத்த சீசனுக்கு இரண்டு குடம் சொல்லி முன்பணம் கொடுத்துவிடுகிறோம். வாங்கும்போது மாமா தம் பத்தியையும் ஒரு பழைய நாணயத்தையும் எடுத்துக்கொண்டு வருவார். சூளையடியில் வைத்திருக்கும் குடங்களை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்து, அக்காவின் சுருதிக்கு ஒத்ததைத் தேர்ந்து, வைக்கோல் சுற்றி, மடியில் வைத்துத்தான் பேருந்தில் கொண்டுவருவார். அந்தப் பேருந்துக் கட்டணமும் கருவிக்கான அரைப் பங்கில்தான் எழுதப்படுகிறது.